பத்திலிருந்து இரண்டு வரை

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. என் தங்கை வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுகிறார். போனில் சீட்டாடியே வீட்டுச் சேமிப்பை வழித்துத் துடைத்துவிட்டார். ‘பொறுப்பில்லாத மனுஷன் ஒருவன் இருந்தான்’ என்று ஆரம்பித்தேன்.

(அந்த வரியை அடித்துவிட்டேன். ஏன் என்பது கடைசியில்.)

2
மாப்பிள்ளைக்குக் காலை ஆறிலிருந்து பத்து வரை வண்டி. மறுபடி இரண்டிலிருந்து ஆறு. நடுவே நாலு மணி நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. வீட்டுக்குப் போய்த் திரும்பவே மூன்று மணி நேரம் ஆகும். ஆகவே ஓய்வறை, ஒரு பெஞ்சு, ஒரு சுவர்க் கடிகாரம். மதிய வண்டி எதுவென்று போனில்தான் தகவல் வரும். ஐந்து நிமிடத்துக்குள் பதில் போடாவிட்டால் வேலை அடுத்தவருக்கு.

3
“இன்னொரு தடவை ஆடினீங்கன்னா, பிள்ளையைக் கூட்டிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்” என்றாள் தங்கை. “போனை வீட்டுல வெச்சுட்டுப் போங்க.”

“வெச்சுட்டுப் போனா மதியம் வேலை இல்ல.”

“அப்போ ஒரே ஷிப்டா கேளுங்க.”

கேட்டார். சீனியாரிட்டி வரட்டும் என்றார் டிப்போவில் வண்டி ஒதுக்கும் குமாஸ்தா.

(குமாஸ்தாவை வில்லனாக்கப் பார்த்தேன். அவர் மேஜையிலும் அதே சீட்டாட்டம் ஓடிக்கொண்டிருந்ததாம். விட்டுவிட்டேன்.)

4
முடிவு ஒன்று: மாப்பிள்ளை போனைச் சுவரில் அடித்து

சினிமாத்தனம். வேண்டாம்.

முடிவு இரண்டு: தங்கை பெட்டியோடு என் வாசலில் வந்து

எழுதக் கை வரவில்லை. எழுதினால் நடந்துவிடுமோ என்று பயம்.

5
நடந்தவரை இதுதான். செவ்வாய்க்கிழமை, கையும் களவுமாகப் பிடிக்கத் தங்கை சாப்பாட்டோடு ஓய்வறைக்கே போனாள். அவர் ஆடவில்லை. போனைக் கையில் பிடித்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டத்தை அழித்து ஒன்பது நாளாகிறதாம். பக்கத்தில் உட்கார்ந்தாள். சாப்பிட்டார்கள். பேச இருந்ததையெல்லாம் பேசி முடித்தார்கள். மணி பதினொன்று இருபதுதான்.

“தினமும் இப்படியேவா?”

“தினமும்.”

பன்னிரண்டுக்கு மேல் அவளுக்கே இருப்புக்கொள்ளவில்லை.

“அந்த ஆட்டம் எப்படித்தான் இருக்கும்? காட்டுங்களேன்.”

“அழிச்சுட்டேன்.”

“திரும்பப் போட எவ்வளவு நேரமாகும்?”

“அரை நிமிஷம்.”

கையை நீட்டினாள்.

6
இதற்குமேல் எனக்கு ஓடவில்லை. நானே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். கையில் போன், எதையும் திறக்கக்கூடாது, கீழேயும் வைக்கக்கூடாது. இருபது நிமிடம்தான் தாங்கினேன். எழுந்து வந்துதான் அந்த முதல் வரியை அடித்தேன்.

நீங்கள் இரண்டு மணி வரை உட்கார்ந்து பாருங்கள். மாப்பிள்ளை போனைக் கொடுத்தாரா என்று வந்து சொல்லுங்கள். முன்னறையைத் தங்கைக்காக ஒழித்து வைப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.