பல்லிடுக்குச் சத்தம்

எங்கள் டான்டியை மாணவர்கள் ஏன் பாதியிலேயே துரத்தியடிக்கிறார்கள் என்று ஒரு பருவம் முழுக்க எனக்குப் புரியவில்லை. இத்தனைக்கும் அது யாரையும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை.

டான்டி ஒரு ஆளில்லை. முதலாண்டு மாணவர்கள் கணக்குப் போடும்போது கணினிக்குள்ளிருந்து துணைக்குப் பேசும் ஒரு குரல். நானும் கெஸ்டன் அலெய்னும் சேர்ந்து உருவாக்கியது. மாணவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லியபடி கணக்கைப் போட வேண்டும். அது கேட்டுக்கொண்டே இருந்து, தடுமாறும் இடத்தில் உதவ வேண்டும். ஆய்வுத் திட்டத்தில் நான் அதற்கு வாய்க்குள் நுழையாத ஒரு பெயரை வைத்திருந்தேன். எங்கள் டிரினிடாடில் அத்தை, சித்தி, பக்கத்து வீட்டுக்காரி எல்லோருமே டான்டிதான். கூப்பிடாமலே வந்து பேசுகிறது என்று பிள்ளைகள் அந்தப் பெயரை இதற்கும் ஒட்டிவிட்டார்கள்.

குரல் என்னுடையது. இதையும் சொல்லிவிட வேண்டும். மாணவர் சற்று நேரம் பேசாமல் இருந்தால், "அருமை! மிகச் சிறப்பாகச் செய்கிறீர்கள்! தொடருங்கள்!" என்று தேன் ஒழுகச் சொல்லும். அதைப் பதிவுசெய்ய ஒரு நாள் முழுக்க இஞ்சித் தண்ணீர் குடித்துத் தொண்டையைப் பக்குவப்படுத்தினேன். அந்தத் தேன் காதில் விழுந்த கையோடு பாதிப் பேர் கணினியை மூடிவிட்டுப் போய்விடுவார்கள்.

பேராசிரியர் மெர்ல் குவாமினா எங்களைக் கூப்பிட்டு விட்டார். புதிய கற்பித்தல் முறைகளுக்கான குழுவின் தலைவர் அவர்தான். பொருளாதாரக்காரர். அவர் நடைபாதையில் வந்தால் துணைவேந்தரே தளர்த்தியிருந்த கழுத்து டையை இறுக்கிக்கொள்வார்.

"டாக்டர் பூதூ, அடுத்த பருவம் முடியறதுக்குள்ள பிள்ளைங்க கணக்கை முழுசா முடிக்கிறாங்கன்னு காட்டுங்க. இல்லேன்னா வெளிநாட்டுலேர்ந்து தயாரா ஒண்ணு வாங்கப் போறோம். உங்க அறையைப் பூட்டிரலாம்."

அறையைப் பூட்டினால் கெஸ்டன் கல்யாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி கட்டப் போவான். அவனுக்கு அதில் வருத்தமும் இருக்காது. எனக்கு அப்படியில்லை. அந்த டான்டி நான் பெற்ற பிள்ளை மாதிரி. அதை யாரோ தூக்கிக் குப்பையில் போட விடுவேனா?

டெலீஷா மூன்சாமியைப் பிடித்துக் கேட்டேன். பொறியியல் முதலாண்டு. மாணவர்களில் வாய் நீளம் அவளுக்குத்தான்.

"ஏம்மா, நேத்து பாதியிலயே மூடிட்டியே, ஏன்?"

"தெரியல மிஸ். நல்லாத்தான் இருந்துச்சு."

"நல்லா இருந்தா எதுக்கு மூடுன?"

"சும்மா மிஸ்."

இதே பதிலைத்தான் எல்லோரும் சொன்னார்கள். வாத்தியார் முகத்துக்கு நேராகக் குறை சொல்லும் வழக்கம் எங்கள் பிள்ளைகளுக்குக் கிடையாது. முதுகுக்குப் பின்னால் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்வார்கள்.

புதிரை அவிழ்த்தது கெஸ்டனின் சோம்பேறித்தனம். மாணவர்கள் பேசிய பதிவுகளை நாங்கள் கேட்பதற்கு முன்னால் ஒரு மென்பொருள் அவற்றைச் சலித்துக் கொடுக்கும். மின்விசிறி, நாய்க்குரைப்பு, பக்கத்து வீட்டுப் பாட்டு என்று பேச்சாக இல்லாத எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிடும். ஒரு மதியம், அதை ஓட்டச் சோம்பல்பட்டு, சலிக்காத பதிவையே போட்டுவிட்டான். கெஸ்டன், எண்ணெய்ப் பீப்பாய்களையே மேளமாக்கி அடிக்கும் ஒரு ஸ்டீல் பேண்ட் குழுவில் பேஸ் வாசிக்கிறவன். அவன் காதுக்கு எதுவும் தப்பாது.

"ரூக்மின், இங்க வா. வந்து இதைக் கேளு."

டெலீஷாவின் குரல். "ஆரம் ஆர்... உயரம் எச்... தண்ணி ஏறுது... அப்ப..." பிறகு பல்லிடுக்கில் ஒரு சின்ன உறிஞ்சல், எங்கள் ஊரில் ஸ்டூப்ஸ் என்போமே, அது. உடனே என் குரல், தேன் ஒழுக: "அருமை! மிகச் சிறப்பாகச் செய்கிறீர்கள்!" அடுத்ததாக ஒரு ஸ்டூப்ஸ் வந்தது பாருங்கள், சேற்றில் மாட்டிய ரப்பர் செருப்பை இழுத்தால் வருமே, அப்படி நீளமாக. அப்புறம் டப்பென்று மூடும் சத்தம்.

நாக்கைப் பல்லோடு ஒட்டி, உதட்டைக் குவித்து, பல்லிடுக்கு வழியாகக் காற்றை உள்ளே உறிஞ்சினால் வருவதுதான் ஸ்டூப்ஸ். வெறுமனே உச்சுக் கொட்டுவதெல்லாம் இதன் கால்தூசுக்கு வராது. பேருந்து தாமதமானால் ஸ்டூப்ஸ். கறியில் உப்புக் கூடினால் ஸ்டூப்ஸ். ஆனால் பெரியவர்கள் முன்னால் மட்டும் விடக்கூடாது. சிறுமியாக இருந்தபோது அம்மா முன்னால் ஒரு தடவை விட்டேன். அன்றைக்கு வாங்கியது இன்னும் கன்னத்தில் இருக்கிறது.

பதிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டோம். எல்லாவற்றிலும் ஸ்டூப்ஸ். இத்தனை நாளும் பிள்ளைகள் என் முகத்துக்கு நேராகவே பதில் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள்தான் அதைக் குப்பை என்று வெட்டிப் போட்டிருக்கிறோம். கெஸ்டன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

"உன் குரலுக்குத்தான் இவ்வளவு மரியாதை, டாக்டர் பூதூ!"

"சிரிக்காதே. பல்லு கொட்டிரும்."

"இதுலதான் விஷயமே இருக்கு, ரூக்மின். சின்னதா விட்டா, தப்பைத் தானே கண்டுபிடிச்சிட்டாங்கன்னு அர்த்தம். அப்ப வாயை மூடிக்கிட்டு இருக்கணும். நீளமா விட்டா, முட்டுச் சந்துல நிக்கறாங்க. அப்ப கை கொடுக்கணும். நம்ம டான்டி எல்லாத்தையும் தலைகீழாப் பண்ணுது."

"அதுக்கு?"

"டான்டிக்கு ஸ்டூப்ஸ் கத்துக் கொடுப்போம்."

"குவாமினா மேடம் முன்னாடி போய் என்னன்னு சொல்லுவேன்? பல்லை உறிஞ்சற சத்தத்தை வச்சு ஆராய்ச்சி பண்றோம்னா? காறித் துப்பிருவாங்க!"

"துப்பறதா இருந்தா எப்படியும் துப்புவாங்க. ஒரு காரணத்தோட துப்பட்டுமே."

அவன் சொன்னது எரிச்சலாக இருந்தது. சரியாகவும் இருந்தது. ஸ்டூப்ஸ்களை ஒவ்வொன்றாகக் கேட்டு வகை பிரிக்க உட்கார்ந்தோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சண்டை.

"இது கோபம்."

"கோபமில்ல. வெக்கம். கேளு, கடைசியில மெல்லிசா முடியுது."

"உன் தலை. எங்க அக்கா அவ புருஷனைப் பார்த்து விடறது இதே ஸ்டூப்ஸ்தான். அதுல என்ன வெக்கம்?"

கனடாவிலிருந்து எங்களோடு வேலை செய்யும் ஒருவர், ஸ்டூப்ஸை எப்படி வகைப்படுத்துகிறீர்கள், விளக்கி எழுத முடியுமா என்று கேட்டார். மூன்று பத்தி எழுதினேன். படித்துப் பார்த்தேன். எனக்கே ஒரு ஸ்டூப்ஸ் வந்தது, அழித்துவிட்டேன்.

கடைசியில் டான்டி கற்றுக்கொண்டது. பழைய பாராட்டையெல்லாம் கெஸ்டன் ஈவிரக்கமில்லாமல் பிடுங்கிப் போட்டான். இஞ்சித் தண்ணீர் குடித்த என் தொண்டையை நினைத்துக் கொஞ்சம் வலித்தது. இப்போது டான்டி பெரும்பாலும் வாயைத் திறப்பதில்லை. நீளமான ஸ்டூப்ஸ் வந்தால் மட்டும், நான் வீட்டில் பேசுகிற மாதிரியே பேசும். பிள்ளைகள் கணக்கை முடிக்க ஆரம்பித்தார்கள். டெலீஷா ஒரு நாள் வந்து, "மிஸ், டான்டி திருந்திருச்சு," என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு நான் யார் மீதும் எரிந்து விழவில்லை.

குழு வந்த நாள். குவாமினா மேடம் நடுவில் உட்கார்ந்தார். பக்கத்தில் கொள்முதல் அதிகாரி ரம்லோகன், மடியில் ஒரு கோப்பு. வெளிநாட்டு மென்பொருளை வாங்குவதற்கான தாள் அதற்குள் இருந்தது. அன்று மதியம் பன்னிரண்டுக்குள் மேடம் கையெழுத்துப் போட்டால்தான் சலுகை விலை என்று உள்ளே வரும்போதே சொல்லிவிட்டார். 

மேடம் என் அறிக்கையைப் புரட்டினார். "'வாய்வழி உறிஞ்சொலி'. இது என்னது, டாக்டர் பூதூ?"

"அது... மாணவர்கள் பொறுமை இழக்கும்போது எழுப்பற ஒரு சத்தம், மேடம்."

"என்ன சத்தம்? செஞ்சு காட்டுங்க."

உதட்டைக் குவித்தேன். அதற்குமேல் எதுவும் வரவில்லை. பேராசிரியர் மெர்ல் குவாமினாவின் முகத்தைப் பார்த்து ஸ்டூப்ஸ் விடுகிற வாயை என் அம்மா எனக்குக் கொடுக்கவில்லை. கெஸ்டனைப் பார்த்தேன். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஸ்டூப்ஸ், மேடம்," என்றான் கூரையிடம்.

"அப்ப அதை அப்படியே எழுத வேண்டியதுதானே? உறிஞ்சொலியாம்!" அறிக்கையை மேசையில் போட்டார். "சரி, மெஷினைக் காட்டுங்க."

டெலீஷா கோயிலுக்குப் போகிற உடுப்பில் வந்திருந்தாள். கூம்புத் தொட்டியில் தண்ணீர் ஏறும் கணக்கு. வழக்கமாக எல்லோரும் முட்டிக்கொள்ளும் அதே இடத்தில் அவளும் முட்டிக்கொண்டாள். நாங்கள் ஸ்டூப்ஸுக்காகக் காத்திருந்தோம். டெலீஷா மேடத்தைப் பார்த்து அழகாகப் புன்னகைத்தாள்.

"கஷ்டமா இருந்தா இருக்குன்னு காட்டும்மா," என்றேன்.

"இல்ல மிஸ். நல்லாருக்கு."

டான்டிக்குக் கேட்க ஒன்றுமில்லை. அதுவும் பேசவில்லை.  ரம்லோகன் கோப்பைத் திறந்தார்.

"இது எதுவுமே செய்ய மாட்டேங்குதே, மேடம். நாம வாங்கப் போறதுல கலர் கலரா வரைபடமெல்லாம் வருது."

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். தப்பு மெஷினிடம் இல்லை. பிள்ளையிடமும் இல்லை. பெரியவர்களை எதிரே உட்காரவைத்து ஸ்டூப்ஸை எதிர்பார்த்த எங்கள் மூளையில் இருந்தது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த இரண்டு பேருக்கு அது தோன்றவில்லையே என்று அழுகையே வந்துவிட்டது.

மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தப் பொண்ணு என் முன்னாடி ஸ்டூப்ஸ் விடுவான்னு நினைச்சீங்களா? விட்டிருந்தா நான் சும்மா இருப்பேனா?"

"இல்ல, மேடம்."

"எல்லாரும் வெளிய போங்க."

"மேடம்?"

"வெளியன்னேன். நான் போட்டுப் பார்க்கறேன். ஹெட்போன் வேணாம், முடி கலைஞ்சிரும். சத்தத்தைத் திறந்து வையுங்க."

வெளியே வந்து கதவைச் சாத்தினோம். டெலீஷா கூச்சமே இல்லாமல் கதவில் காதை வைத்தாள். கெஸ்டன் பையிலிருந்து, ரொட்டிக்குள் கொண்டைக்கடலைக் கறி வைத்த டபுள்ஸ் பொட்டலத்தை எடுத்துப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தான். இவனுக்கு எப்படி இந்த நேரத்தில் பசிக்கிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சின்னது ஒண்ணு விட்டாங்க, மிஸ்," என்று டெலீஷா கிசுகிசுத்தாள். "டான்டி பேசல. நல்லது... இன்னொரு சின்னது... எதையோ அடிச்சு எழுதறாங்க."

பிறகு சத்தமே இல்லை. மேடம் எழுந்துவிட்டாரோ என்று நானும் கதவில் காதை வைத்தேன். ரம்லோகன் கடிகாரத்தைப் பார்த்தார், பொறுக்க முடியாமல் கதவைத் தட்டினார்.

"மேடம், நேரமாகுது. இந்தக் கையெழுத்து..."

உள்ளேயிருந்து ஒரு ஸ்டூப்ஸ் வந்தது. ஆராய்ச்சி என்று இத்தனை ஸ்டூப்ஸ் கேட்டவள் நான்; அப்படி ஒன்றை அதற்கு முன் கேட்டதில்லை. மூச்சு முட்டிவிடுமோ என்று பயம் வருகிற அளவுக்கு அது நீண்டுகொண்டே போனது. முடிந்ததும் என் குரல் கேட்டது.

"இந்த இடம் எல்லாரையும் படுத்தற இடம்தான். ஒரு குறிப்பு தரட்டுமா?"

ரம்லோகனின் கை அந்தரத்தில் நின்றது. பக்கத்தில் நின்ற என் வாயைப் பார்த்தார். அது மூடியிருந்தது. கதவைப் பார்த்தார்.

"வேணாங்க, தேங்க்ஸ்," என்றார் பணிவாக.

கெஸ்டனுக்குப் புரையேறியது. டெலீஷா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அது உங்களைக் கேக்கல, ரம்லோகன்!" உள்ளேயிருந்து மேடத்தின் குரல் வந்தது. "என்னைக் கேக்குது. ம், குடு."

"ஆரத்தையும் உயரத்தையும் தனித்தனியா வச்சுக்காதீங்க. ஒண்ணை இன்னொண்ணால எழுதிப் பாருங்க."

பேனா கிறுக்கும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கிறுக்கியது. பிறகு நாற்காலி பின்னால் தள்ளப்படுகிற சத்தமும், "அட, வந்திருச்சு! வந்திருச்சுடா!" என்ற ஒரு கூவலும். அந்தக் குரலில் அப்படி ஒரு பிள்ளைத்தனம் இருக்கும் என்று இந்தப் பல்கலைக்கழகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. டெலீஷா என்னைக் கட்டிக்கொண்டாள். நான் அழுதேன், சிரிப்பும் கூடவே வந்தது, இரண்டையும் அடக்கத் தோன்றவில்லை.

கதவு திறக்கவில்லை. ரம்லோகன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேடம், பன்னிரண்டு ஆகப் போகுது."

"ஆகட்டும். அடுத்த கணக்கு வந்திருச்சு. நீங்க போய்ச் சாப்பிடுங்க."

 அவர் கோப்பை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு, கழுத்து டையைத் தளர்த்திவிட்டு, கெஸ்டன் பக்கம் திரும்பினார்.

"இந்த டபுள்ஸ் எங்கப்பா வாங்கின?"