மருதாத்தாளின் எடை

1974 மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, முதலமடை மாங்காய் மண்டித் தராசில் ஏறி நின்ற மருதாத்தாள் நானூற்றுப் பதினேழு கிலோ இருந்தாள். முப்பது வயது, ஒல்லியான உடம்பு. மண்டிக்காரர் பழனிச்சாமி அவளை இறக்கிவிட்டு மாங்காய்க் கூடைகளை ஏற்றிப் பார்த்தார். தராசில் பழுதில்லை. எடையைச் சீட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

எடை ஏறத் தொடங்கி மூன்று வருடமாகியிருந்தது. கல்யாணமாகி எட்டு வருடம் பிள்ளையில்லை என்று மாமியார் நாச்சம்மாள் அவளைப் பாலக்காட்டில் ஒரு நர்சிங் ஹோமுக்கு அழைத்துப் போனதில் ஆரம்பித்தது அது. புருஷன் சின்னையனை யாரும் சோதிக்கவில்லை. மருதாத்தாளுக்கு மட்டும் மூன்று மாதம் ஊசி போட்டார்கள். என்ன ஊசி என்று சொல்லவில்லை. மூன்றாம் மாதம் வயிற்றில் நீர் கோத்து, மூச்சுவிட முடியாமல் பதினொரு நாள் கிடந்தாள். நீர் வடிந்தது. கரு தங்கவில்லை. வலது அடிவயிற்றில் வலி மட்டும் தங்கிவிட்டது. "ஒண்ணுமில்லம்மா, எல்லாம் மனசுதான்" என்றார் டாக்டர். அன்று திரும்பி வரும்போது பஸ்ஸின் பின்டயர் வெடித்தது. "களை வெட்டச் சொன்னா மட்டும் இவளுக்கு வயிறு வலிக்கும்" என்று நாச்சம்மாள் சொன்ன அன்று கட்டில் முறிந்தது. வலியை ஒருவர் இல்லையென்று சொல்லும்போதெல்லாம் அது எடையாக அவள்மேல் ஏறியது.

சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு மாங்காய் லாரியில் பாலக்காடு போனாள். டாக்டர் அதைப் படிக்காமலே, "மறுபடியும் மனசைப் போட்டுக் குழப்பிக்கிட்டு..." என்று ஆரம்பித்தார். மருதாத்தாளுக்குப் பற்றி எரிந்தது. அறையின் நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன மருந்து போட்டீங்கன்னு எழுதிக் குடுங்க. அப்புறம் எந்திரிக்கறனுங்க."

"அதெல்லாம் உனக்குப் புரியாதும்மா."

அவர் சொல்லி முடிப்பதற்குள் தரை ஒரு சாண் இறங்கியது. எட்டு ஆட்கள் அவளை இழுத்தார்கள். தீயணைப்புக்காரர்கள் சங்கிலி போட்டு இழுத்தார்கள், சங்கிலிதான் அறுந்தது. இரண்டாம் நாள் கட்டடம் கிழக்கே சாய்ந்தது. அதே ஊசி போட்டுக்கொண்ட பெண்கள் சித்தூரிலிருந்தும் கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் நர்ஸ் கத்தரீனாள் பூட்டிய அலமாரியைத் திறந்து, ஊசிப் பதிவேட்டை டாக்டரின் மேசைமேல் வைத்தாள். "எழுதிக் குடுத்துடுங்க டாக்டர். இனி என்னால மறைக்க முடியாது." அவர் எழுதினார். காகிதத்தை வாங்கிக்கொண்டு மருதாத்தாள் தானே எழுந்தாள். எடை அவளோடு எழவில்லை. அந்தக் குழியிலேயே கிடந்தது.

வலி போகவில்லை. கோயம்புத்தூரில் ஒரு லேடி டாக்டர் அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, முறுக்கிக் கருத்துப்போன வலது சினைப்பையை அறுத்து எடுத்தார். இடது பையிலும் கட்டிகள் இருக்கின்றன, வலி வந்துகொண்டுதான் இருக்கும் என்று ஒளிக்காமல் சொன்னார். பிறகு சின்னையனைச் சோதிக்கச் சொன்னார். குறை அவனிடம் இருந்தது.

வராந்தாவில் அவன் தலைகுனிந்து நின்றான். "அத்தைகிட்ட நீங்களே சொல்லிப்போடுங்க மாமா," என்றாள் மருதாத்தாள். "நான் சொன்னா அதையும் மனசும்பாங்க."

சொன்னான். நாச்சம்மாள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் தானே களைக்கொத்தை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனாள்.

நர்சிங் ஹோம் சாய்ந்தே நிற்கிறது. கட்டில்களின் கிழக்குக் கால்களுக்குச் செங்கல் வைத்திருக்கிறார்கள். ஊசிக்கு வரும் பெண்கள் டாக்டர் அறைக் குழியில் இறங்கி உட்கார்ந்துகொண்டு, "இது என்ன மருந்துங்க?" என்று கேட்கிறார்கள். டாக்டர் மருந்தின் பெயரைச் சொல்கிறார். என்னென்ன கெடுதல் வரலாம் என்பதையும் சொல்கிறார்.