இரண்டாவது தேதி

அப்பா இறந்த பத்து மாதங்களில் நான் நான்கு கலைகளைக் கற்றுக் கெடுத்தேன். குரோஷா பின்னலில் ஒரு தொப்பி வந்தது. அது யார் தலைக்கும் சேரவில்லை. எம்பிராய்டரியில் கிளி தைத்தேன். நாமக்கல்லிலிருந்து வந்த சித்தி, "கோழி நல்லா வந்திருக்குது சாமி" என்று பாராட்டிவிட்டுப் போனாள். பிறகு களிமண். அதைப் பற்றி எழுத வேண்டாம்.

கடைசியாகப் பிடித்தது எழுத்து வரைதல். ஆறு வாரம் இணைய வகுப்பு. கைவேலைகள் துக்கத்தை ஆற்றும் என்று எங்கோ படித்திருந்தேன். உண்மை அவ்வளவு அழகானதில்லை. வங்கியிலிருந்தோ பென்ஷன் ஆபீசிலிருந்தோ ஒரு படிவம் வரும். அதில் 'இறந்த தேதி' என்று ஒரு கட்டம் இருக்கும். நான் உடனே ஊசியையோ தூரிகையையோ எடுத்துக்கொள்வேன். கட்டத்தைத் தம்பி மார்ட்டின் நிரப்புவான். அந்தத் தேதியை நான் ஒருமுறைகூட எழுதவில்லை, சொல்லவும் இல்லை.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள் வந்தது. அயோத்தியாப்பட்டணம் பக்கத்தில் எங்கள் கல்லறைத் தோட்டம். அன்று காலையே எல்லோரும் கல்லறைக்கு வெள்ளையடித்து, பெயிண்டரைக் கூப்பிட்டு எழுத்தைப் புதுப்பிப்பார்கள். அப்பாவுக்கு இதுதான் முதல் வருடம். பெயிண்டர் வேண்டாம், நானே எழுதுகிறேன் என்றேன். ஆறு வார மேதை அல்லவா.

"சார்ட் பேப்பர் இல்லக்கா இது, சிமெண்டு. நாலு மணிக்கு ஃபாதர் மந்திரிக்க வந்துருவாரு" என்றான் மார்ட்டின்.

"நீ பூ வாங்கப் போடா."

'சவரியார்' என்று எழுதினேன். உண்மையிலேயே அழகாக வந்தது. அந்தத் திமிரில் 'தோற்றம்' என்று எழுதி, பிறந்த தேதியை இன்னும் பெரிதாக, சுழியெல்லாம் வைத்து எழுதினேன். கல்லறையின் சிமெண்டுப் பலகை முடிந்துவிட்டது. மறைவுக்கு ஒரு விரற்கடைகூட இடமில்லை.

அம்மா குடையோடு வந்து நின்று பார்த்தாள்.

"ஏன் ஜெனி, உங்கப்பா இன்னும் சாகலையா?"

மனதின் ஆழத்தில் நான் அவரைச் சாகவிடவில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் வகுப்பில் முதல் நாளே அளவு போடச் சொல்லியிருந்தார்கள். நான் போடவில்லை. தின்னர் தொட்டுத் துடைத்தேன். அப்பா முழுவதும் கருப்பாகப் பரவினார்.

மார்ட்டின் பூவோடு திரும்பி வந்தான். "பெயிண்டரக் கூப்புடட்டுமா?"

"வேண்டாம்டா. அவளே எழுதட்டும்" என்றாள் அம்மா. என்னைப் பார்த்து, "ரெண்டு தேதியையும் நீதான் எழுதணும்" என்றாள். படிவங்கள் வரும்போதெல்லாம் நான் ஊசி தேடியதை அவள் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

மறுபடி வெள்ளையடித்தோம். வெள்ளை வரவில்லை, சாம்பல் வந்தது. காயும்வரை அம்மா முந்தானையால் விசிறினாள். இந்த முறை பென்சிலால் கோடு போட்டேன். பெயர் சின்னதாக, பிறந்த தேதி சின்னதாக. 'மறைவு' என்ற சொல்வரை கை நேராகத்தான் போனது. அதன் பிறகு தூரிகையிலிருந்து பெயிண்ட் சொட்டியது. அம்மா குடையை என் தலைக்கு நகர்த்தினாள். பத்து. புள்ளி. ஒன்று. ஆண்டு சரிவில் இறங்குகிற பஸ் மாதிரி வலது பக்கம் சாய்ந்தது. சுழி எதுவும் வைக்கவில்லை.

பக்கத்துக் கல்லறைக்கு மெழுகுவத்தி வைக்க வந்த அக்சிலியா அக்கா எட்டிப் பார்த்தார். கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டாராம்.

"அப்பாவா கண்ணு? எப்ப தவறுனாரு?"

இந்தக் கேள்விக்கு எப்போதும் மார்ட்டின்தான் பதில் சொல்வான். அவன் வாயைத் திறந்தான். அம்மா அவன் கையைப் பிடித்தாள்.

"ஜனவரி பத்துங்க்கா" என்றேன். "வெள்ளிக்கிழமை."

"காலையிலயா?"

"காலையில. ஆறேகால் மணி. நான் டீ வாங்கப் போயிருந்தேன்."

அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். ஃபாதர் வருவதற்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. மற்றதையும் சொன்னேன்.