பதினேழுக்குத் தெரிந்த இருமல்

எங்கள் வேலையில் வாயைத் திறக்கக் கூடாது. அழிந்துகொண்டிருக்கும் ஒரு நாரை இனத்தைக் கூண்டில் பொரிக்கவைத்து, வளர்த்து, சதுப்பு நிலத்தில் கொண்டுபோய் விடுவது எங்கள் பிழைப்பு. வெளியே மிச்சமிருப்பவை நாற்பத்து மூன்று. குஞ்சுக்கு மனித முகமும் குரலும் பழகிவிட்டால் அது மனிதனை நம்பிவிடும்; நம்பினால் செத்துவிடும். அதனால் தலையிலிருந்து கால்வரை வெள்ளை அங்கி, முகத்துக்கு வலைத்துணி, வலது கையில் நாரைத் தலை மாதிரி செய்த ஒரு பொம்மை. அந்தப் பொம்மையின் அலகால்தான் தீனி ஊட்டவேண்டும். பெயர் வைக்கக் கூடாது, காலில் மாட்டிய வளையத்தின் எண்தான் பெயர். பத்தொன்பது வருடமாக இந்த வேஷம் கட்டுகிறேன்.

வேலையில் பேசாமல் இருந்து இருந்து வீட்டிலும் பேச்சு வராமல் போய்விட்டது. "வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்பார் என் கணவர். உதிராதுதான். ஆனால் எட்டு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு வருகிறவளுக்கு, உப்பு போதுமா என்று கேட்கக்கூடத் தெம்பு இருப்பதில்லை. என்னோடு வேலை செய்பவர் அப்படியில்லை. அங்கியைக் கழற்றிய நொடியில் ஆரம்பித்தால் பேருந்து நிறுத்தம்வரை ஓயமாட்டார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ரேடியோ.

தப்பு என்னுடையது. பதினேழாம் எண் குஞ்சு பொரிந்த வாரம் எனக்குக் காய்ச்சல். காய்ச்சல் போனது, இருமல் தங்கிவிட்டது. இருமலோ தும்மலோ இருந்தால் கொட்டகைப் பக்கம் வரக் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறது; ஒட்டியதே நான்தான். அந்த நேரம் பார்த்து ரேடியோ முதுகு பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். வேறு ஆள் கிடையாது. பதினேழோ இரண்டு மணிக்கொரு தரம் தீனி கொடுத்தால்தான் தேறும் என்கிற நோஞ்சான். போனேன். தீவன மூட்டையைப் பிரித்ததும் தூசி தொண்டையில் ஏறும். கதவுக்கு வெளியே இருமித் தீர்த்துவிட்டு உள்ளே போவேன். இப்படி மூன்று வாரம். இருமல் கேட்டால் தீனி வரும் என்று குஞ்சு முடிவு கட்டிவிட்டது.

அது எனக்குத் தெரிந்தது ஏழாம் மாதத்தில், வெளியே விட ஒரு மாதமே இருக்கும்போது. வேலை முடிந்து, அங்கி இல்லாமல், வேலிக்குப் பின்னால் வாளி கழுவிக்கொண்டிருந்தேன். பிளீச்சிங் பவுடர் நெடியில் இருமல் வந்தது. என் உயரத்துக்கு வளர்ந்திருந்த பதினேழு கூட்டத்தை விட்டுவிட்டு ஓடி வந்தது. வேலிக்கு மேல் கழுத்தை நீட்டி, குஞ்சுக் குரலில் தீனி கேட்டது. பத்தொன்பது வருடத்தில் ஒரு நாரை என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. மனசு குளிர்ந்துபோனது, அதை மறைப்பானேன். அடுத்த நொடியே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். சதுப்பு நிலத்தில் வலை போடுகிறவர்களில் பாதிப் பேர் பீடியும் இருமலுமாகத் திரிகிறவர்கள். முதலில் இருமுகிறவன் முன்னால் இது போய் நிற்கும். அவன் கையில் என்ன இருக்குமோ.

இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அதற்கு ஆயுசுக்கும் கூண்டுதான். மூன்றாம் நாள் டாக்டரிடம் சொன்னேன். பறவைகளுக்கெல்லாம் பொறுப்பு அவள். என்னைவிடப் பத்து வயது இளையவள், பார்த்தால் அப்படித் தெரியாது.

"என்னக்கா, நீங்களே இப்படிப் பண்ணலாமா?"

"பண்ணிட்டேன் டாக்டர்."

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மேஜைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அந்த வாரம்தான் இரண்டு முட்டை கூமுட்டையாகிப் போயிருந்தன.

"இது பொண்ணு. வெளிய முட்டை போடுற பொண்ணுங்க பதினொண்ணுதான் இருக்கு. கூண்டுல அடைக்க மனசு வரல," என்றாள் தலையைத் தூக்காமலே. "ஒரு மாசம் இருக்கு. இருமல் கேட்டா ஓடணும். ஓட வைங்க."

"ரேடியோகிட்ட சொல்லி விரட்டச் சொல்லட்டுமா?"

"இருமல் யாரோடதுக்கா?"

பொய்யாக இருமினால் பதினேழு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குளியலறையில் இருமிப் பழகிப் பார்த்தேன். கணவர் கதவைத் தட்டினதுதான் மிச்சம். கடைசியில் அங்கி இல்லாமல் வேலியோரம் நின்று, தீவன மூட்டைக்குள் முகத்தை வைத்து மூச்சை இழுத்தேன். நிஜ இருமல் வந்தது. பதினேழு ஆசையாக ஓடி வந்தது. நான் தகரத் தட்டைத் தடதடவென்று அடித்து, மண்ணாங்கட்டியை அதன் காலடியில் எறிந்து, "போ!" என்று கத்தினேன். இத்தனை வருடத்தில் ஒரு நாரையிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது. பத்தடி ஓடிப்போய் நின்றது. திரும்பி வந்து, தலையைத் தாழ்த்தி, மறுபடியும் தீனி கேட்டது.

தினமும் நாலு தடவை இதே கூத்து. எட்டாம் நாள் மண்ணாங்கட்டி குறி தவறி அதன் காலிலேயே பட்டது. நொண்டிக்கொண்டே என்னைத்தான் பார்த்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அன்றைக்குப் பேருந்து நிறுத்தம்வரை ரேடியோ ஒரு வார்த்தை பேசவில்லை. பதினொன்றாம் நாள் பாதி வழியில் நின்றுவிட்டது. இருபதாம் நாள் இருமல் கேட்டதும் ஓடியது.

அதற்குள் இருமல் என் நெஞ்சில் நன்றாக ஊறிவிட்டது.

"இந்த இருமலை வச்சுக்கிட்டு எதுக்கு வேலைக்குப் போறே?" என்றார் கணவர்.

"இருமத்தான் போறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பிளாஸ்கில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார்.

விடுகிற நாள் காலையில், தண்ணீர் ஓரத்தில் வலைக்கதவைத் திறந்தோம். ஆறு நாரைகள் வெளியே நடந்தன. இறுதிப் பரீட்சைக்கு நான் அங்கி இல்லாமல் கோரைப் புல் பக்கம் நின்றேன். டாக்டர் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு, "இப்போ," என்றாள். இருமினேன். பதினேழு தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தது. வந்துவிடாதா என்று ஒரு அல்ப ஆசை எனக்கு. வரவில்லை. நாலு எட்டு ஓடி, சிறகை விரித்து, தண்ணீரைத் தாண்டி அக்கரையில் போய் இறங்கியது.

"பாஸ்," என்று டாக்டர் எழுதிக்கொண்டாள். சந்தோஷப்படவேண்டிய நேரம். எனக்கு அழுகையாக வந்தது, அழுகையோடு இருமலும் சேர்ந்துகொண்டது. என் தோளைப் பிடித்துக்கொண்டு பிளாஸ்கை நீட்டினாள்.

"குடிங்கக்கா. அதான் முடிஞ்சிடுச்சே."

"கொஞ்சம் இருங்க டாக்டர். அது நிக்கிற இடம் படகு போற வழி."

இன்னும் இரண்டு தடவை, நெஞ்சு வலிக்க, சத்தமாக இருமினேன். பதினேழு எழும்பி, கோரைக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போனது. அதற்குப் பிறகுதான் வெந்நீரை வாங்கிக் குடித்தேன்.