மொக்கேதியின் கைப்பேசியில் வந்த கை

ரெலெபோஹிலே ஊரைவிட்டுப் போன ஒன்பதாவது ஆண்டு, குளிர்காலத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணிக்கு, அவளுடைய வலது கை அப்பாவின் கைப்பேசி வழியாக முழங்கை வரை வெளியே வந்தது. அந்த வாரம் சோளமாவின் விலை ஏறியிருந்ததால் எங்கள் ஹா செகாகே கிராமத்தில் எல்லோரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். கையைப் பற்றிப் பேசும் முறை புதன்கிழமைதான் வந்தது.

அப்பா மொக்கேதிக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. மனைவி போய்ச் சேர்ந்தபின் மலைச்சரிவின் கல்வீட்டில் தனியாக இருந்தார். கண் மங்கல், இதயம் பலவீனம், பிடிவாதம் மட்டும் வாலிபம். மகள் எல்லை தாண்டி புளூம்ஃபொன்டைன் நகரத்தில் ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் போர்வை துவைத்தாள். முதலில் ஒரு பழைய கைப்பேசியை அனுப்பினாள். அதில் யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம், கூப்பிட்டார்கள். அந்த நாட்களில் குரல் திருடுகிறவர்கள் பெருகியிருந்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை மகளின் குரலே, மூக்கடைப்பும் அப்பாவைக் கூப்பிடும் 'ந்தாதே'யும் உட்பட, அப்படியே வந்தது. "ந்தாதே, வெள்ளநெத்திக் காளைய ரோட்டுக்கு ஓட்டிட்டு வாங்க. லாரியோட ஒருத்தர் நிப்பாரு, அவர்கிட்ட குடுத்துடுங்க. அப்புறமா வெவரமா சொல்றேன்." மொக்கேதி காளையை ஓட்டிக்கொண்டு போய்க் கொடுத்தார். தூரத்திலிருந்து வந்த மனுஷன் என்று லாரிக்காரனுக்குப் புளித்த கூழும் ஊற்றிக் கொடுத்தார். அவனும் வெட்கமில்லாமல் இரண்டாவது குவளை கேட்டான்.

விஷயம் தெரிந்ததும் கிழவர் கைப்பேசியின் பேட்டரியைப் பிடுங்கிச் சர்க்கரை டப்பாவுக்குள் போட்டுவிட்டார். நான்கு மாதம் மகளோடு ஒரு சொல் இல்லை. பக்கத்து வீட்டு மாதுசோ போய்க் கெஞ்சினாள். "எம் பொண்ணு தொண்டையில வேற எவனோ குடியிருக்கான், ம்மே. அவனோட எனக்கென்ன பேச்சு?" என்று கதவைச் சாத்தினார். அந்த நான்கு மாதத்தில் ஊற்றங்கரையில் இரண்டு முறை மயங்கி விழுந்தார். அப்பா செத்துப்போய் ஒரு வாரம் கழித்துத்தான் தனக்குச் செய்தி வரும் என்று ரெலெபோஹிலே பயந்தாள். சலவைக்கூடத்து நீராவியில் நின்றுகொண்டு அழுதாள். அங்கே எல்லோர் முகமும் ஈரம்தான் என்பதால் யாரும் கேட்கவில்லை.

ஆனால் அழுதுகொண்டே இருக்கிறவள் அல்ல அவள். மொச்சைக்கொட்டை அளவு பொத்தான் வைத்த கைப்பேசி ஒன்றைத் தேடிப் பிடித்தாள். ஒன்றை அழுத்தினால் அவள், இரண்டு மாதுசோ, மூன்று மருத்துவ நிலையம். இந்த மூவரைத் தவிர வேறு எந்த எண்ணும் உள்ளே வராதபடி கடைக்காரனை உட்காரவைத்துச் செய்துவாங்கினாள். டாக்சி ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பினாள். திருடர்கள் எண்ணையும் போலியாகக் காட்டுவார்கள் என்று கடைக்காரன் எச்சரித்ததால், காவலுக்கு மேல் காவலாக ஒரு ரகசியச் சொல்லும் ஏற்பாடு செய்தாள். யார் பேசினாலும் முதலில் குலத்தைப் புகழும் வரிகளான குலப்பெருமையைச் சொல்ல வேண்டும், சொன்னால்தான் பேச்சு.

இவ்வளவு கெட்டிக்காரி இங்கேதான் கோட்டைவிட்டாள். அவர்களுடைய சிங்கக் குலத்தின் பெருமையை எந்தக் கல்யாணத்திலும் தொண்டை கிழியக் கத்துவார்கள். அது ரகசியம் என்றால் சூரியன் உதிப்பதும் ரகசியம்தான். ஆனாலும் அந்தத் தவறுதான் அவளைக் காப்பாற்றியது. ஏனென்றால் எங்கள் பக்கத்தில் ஒருவர் குலப்பெருமை சொன்னபின் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. எழுந்து கை கொடுக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் குலப்பெருமையைப் பிசகில்லாமல் சொல்லி முடித்தாள். மொக்கேதி எழுந்தார், தொப்பியைக் கழற்றினார், இடது உள்ளங்கையை வலது முழங்கைக்கு அடியில் கொடுத்து, மேசைமேல் இருந்த கைப்பேசியை நோக்கி வலது கையை நீட்டினார். கைப்பேசிக்குக் கை கிடையாது என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. பெரியவர் நீட்டிய கையை அந்தரத்தில் விட்டுவைப்பவர் எங்கள் நாட்டில் பிறக்கவில்லை. கை வந்தது.

முறைப்படி மூன்று பிடி பிடித்தார்: உள்ளங்கை, கட்டைவிரல், மறுபடி உள்ளங்கை. பிறகு விடவில்லை. புரட்டிப் பார்த்தார். சோப்பு அரித்த வெடிப்புகள். சின்ன வயதில் மாட்டுப்பட்டிக் கதவில் நசுங்கிய சுண்டுவிரல். "நீதானா?" என்றார். "நான்தான், ந்தாதே. நகம் என்ன இவ்ளோ வளர்ந்து கெடக்கு உங்களுக்கு?" என்றது கைப்பேசி. கிழவர் அழுதார், நன்றாகவே அழுதார். அதன்பின் ஞாயிறுதோறும் நான்கு மணிக்குக் கை வந்தது. நகம் வெட்டியது, சட்டைப் பொத்தான் தைத்தது, அவர் தோளில் போர்த்திய போர்வையின் ஊசியைச் சரிசெய்தது, சூடான ரொட்டித் துண்டை வாங்கிக்கொண்டு திரும்பியது. புளூம்ஃபொன்டைனில் அவளுடைய தோழிகள் அந்த ரொட்டிக்காகவே சுற்றி உட்கார்ந்திருப்பார்கள்.

மூன்றாவது மாதம் திருடன் வந்தான். எண் அவளுடையது, குரல் அவளுடையது, குலப்பெருமையில் ஒரு எழுத்துகூடப் பிசகில்லை. மொக்கேதி தொப்பியைக் கழற்றிக் கையை நீட்டினார். திருடனையும் ஒரு தாய் ஒழுங்காகத்தான் வளர்த்திருக்கிறாள். அவன் கையும் வந்துவிட்டது. கொழுகொழுவென்று, மோதிரத்தோடு, புகையிலை நாற்றத்தோடு. கிழவர் பிடித்த பிடியை விடவில்லை. மாதுசோவைக் கூவி அழைத்தார். அவளுடைய மகன்கள் முறைபோட்டுப் பிடித்தார்கள். முதல் நாள் முழுவதும் கைப்பேசி மகளின் குரலில் கெஞ்சியது. மறுநாள் அந்தக் குரல் தீர்ந்துபோய், கரகரத்த ஆம்பளைக் குரலில், "யப்பா, விரல் மரத்துப்போச்சு, விடுங்கப்பா" என்றது. குளிரில் விறைத்துப்போகக் கூடாதென்று அந்தக் கைக்கும் ஒரு போர்வை சுற்றினோம். ஊர்த்தலைவி வந்து விசாரித்துத் தீர்ப்புச் சொன்னாள். வியாழக்கிழமை வெள்ளைநெற்றிக் காளை லாரியில் வந்து இறங்கியது. கையைக் கழுவிவிட்டு அனுப்பினோம். அதற்குப்பின் எங்கள் மலையில் எந்தத் திருடனும் யாரையும் கூப்பிட்டதில்லை.

இரண்டு ஆண்டு இப்படியே போனது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை, மொக்கேதி தரையில் கிடந்தபடி முதல் பொத்தானை அழுத்தினார். பேச்சு வரவில்லை. மறுமுனையில் ரெலெபோஹிலே குலப்பெருமை சொல்லவில்லை, எதையும் கேட்கவில்லை. சிறியவர்கள் முதலில் கை நீட்டுவது எங்களிடம் மரியாதைக் குறைவு. அவள் நீட்டினாள். தரையைத் துழாவி, அப்பாவின் கையைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டாள். இடது கையால் தோழியின் கைப்பேசியை வாங்கி மாதுசோவை அழைத்தாள். "ம்மே, ஓடுங்க! நான் புடிச்சிட்டிருக்கேன், நீங்க ஓடுங்க!"

அவரைப் போர்வையில் கிடத்தி, நான்கு பேர் தூக்கிக்கொண்டு மூன்று மணி நேரம் மலை இறங்கினார்கள். கைப்பேசியை அவர் நெஞ்சின்மேல் துணியால் கட்டியிருந்தார்கள். கை ஒரு கணமும் விடவில்லை. அங்கே தோழிகள் அவளுடைய கைப்பேசிக்கு மின்சாரம் கொடுத்து, அவளுக்குத் தண்ணீர் ஊட்டினார்கள். அவளோ இடது கையால் போர்வை மடித்துக்கொண்டிருந்தாள்.

மருத்துவ நிலையத்தில் ஊசி போட்டு, மூச்சு சீரானதும், நேரத்தோடு கொண்டுவந்தீர்கள் என்றாள் தாதி. பிறகு அவருடைய சுகாதாரப் புத்தகத்தை எடுத்து, கூட இருப்பவர் யார், சொந்தக்காரர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். மாதுசோ கட்டிலைக் காட்டினாள். தாதி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். உறவு என்ற இடத்தில் 'மகள், வலது கை' என்று எழுதி, பேனாவை நீட்டினாள். கிழவர் தூக்கத்திலும் பிடியை விடாததால் கை கொஞ்சம் சிரமப்பட்டது. விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, கையெழுத்துப் போட்டு, பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடி அப்பாவைப் பிடித்துக்கொண்டது. தாதி முத்திரை குத்தி, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.