சாலை வழியே வந்தது

புருஷனின் வீங்கிய விரலில் சோப்பைத் தேய்த்து மோதிரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள் அவள். மூச்சு மெஷினை நிறுத்துவதற்குள் எடுத்துவிடச் சொல்லியிருந்தாள் நர்ஸ். தொலைதூர பஸ் ஓட்டிய கை, மஞ்சள் பூத்து, யாருடையதோ போலக் கிடந்தது.

அவருக்கு வைத்த கல்லீரல் வேற்றூரில் மூளைச்சாவு அடைந்த ஒருவருடையது. விமானத்தில் வந்திருக்க வேண்டியது. மூடுபனியில் விமானம் கிளம்பாததால் ஐஸ் பெட்டியை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். வழியில் லாரி கவிழ்ந்து சாலை அடைத்துக்கொண்டது. ஆபரேஷனுக்குக் காத்துக்கிடந்தவர் செய்தி கேட்டுச் சிரித்தார்.

"ஸ்டியரிங்க என் கையில குடுத்திருந்தா இந்நேரம் வந்து டீயே குடிச்சிருப்பேன்."

அவளிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான். பொருத்திய கல்லீரல் வேலை செய்யவே இல்லை.

கூடவே வந்த சிறுநீரகம் ஐஸில் தாக்குப்பிடிக்கும், கல்லீரல் அவ்வளவு நேரம் தாங்காது, அதிலும் இது கொழுப்புப் படிந்தது என்றார் சர்ஜன். வேண்டாமென்று விட்டிருந்தாலும் அடுத்தது வரும்வரை இவர் இருந்திருக்க மாட்டாராம். அவசரமாக இன்னொன்று கேட்டுப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை.

புருஷனின் அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"மீன் வாங்கினாக்கூட செவுளத் தூக்கிப் பாத்துத்தானே வாங்குவே? இதுக்கு ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா?"

அவள் மோதிரத்தைத் துடைத்து அக்காவிடம் கொடுத்தாள்.

மெஷின் நின்றது. வெளியே வந்தபோது, அதே வண்டியில் வந்த சிறுநீரகத்தைப் பெற்ற மளிகைக் கடைக்காரரின் மனைவி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். காத்திருந்த நாளெல்லாம் இருவரும் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள்.

"அவருக்கு ஒண்ணுக்கு நல்லாப் போகுதாம், தங்கச்சி. பை நிறைஞ்சிடுச்சாம். உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்காரு?"

"சந்தோஷம்க்கா," என்றாள். கையை மட்டும் மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

கண் வங்கிப் பெண் தயங்கித் தயங்கி வந்தாள். மஞ்சள் காமாலை இருந்தாலும் கருவிழி நன்றாக இருக்கிறது, மனமிருந்தால் தரலாம் என்றாள். இன்னும் கூறு போடணுமா என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எவ்வளவு தூரம் போகணும்?" என்று கேட்டாள் அவள்.

"இங்கயேதாம்மா. கீழ் மாடி."

தலையசைத்தாள்.

கண்களை எடுத்து முடித்து அந்தப் பெண் சிறிய பெட்டியோடு வெளியே வந்தபோது, அவள் முன்னதாகவே போய், மூடப் பார்த்த லிஃப்ட் கதவைத் தோளால் தடுத்து நின்றிருந்தாள். உள்ளே இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.