ஈய ஒட்டின் மகிமை

எங்கள் பேண்டு மாஸ்டர் ஒரு டிரம்பெட் நல்லதா கெட்டதா என்று ஊதிப் பார்க்க மாட்டார். நகத்தால் சுண்டிப் பார்ப்பார். பாத்திரக் கடையில் குடம் வாங்குகிறவர் மாதிரி அதன் விரிந்த வாயில் ஒரு சுண்டு, காதை வைத்து ஒரு கேட்பு, உடனே தீர்ப்பு. "உலோகம் பேசணும்யா, உலோகம்!" என்பார். உலோகம் பேச இவர் எங்கே விட்டார்?

நான் அங்கே வாத்தியம் பழுது பார்க்கிறவன். ஊதுகிறவர் உதடு அதிர்கிறது, குழாய்க்குள் காற்று அதிர்கிறது, சத்தம் அதுதான். பித்தளையும் கொஞ்சம் அதிரும். அது பிடித்திருக்கும் கைக்குத் தெரியும், எதிரே உட்கார்ந்தவர் காதுக்கு அவ்வளவாக எட்டாது. இதை மாஸ்டரிடம் சொல்லி வேலையை இழக்க எனக்குப் பைத்தியமா?

டிரம்பெட் வரிசையில் தலைமை வாசிப்பவர் உட்காரும் முதல் நாற்காலி காலியானது. ஒரு பக்கம் மாஸ்டரின் மச்சினன், அவனுக்கென்றே பேண்டு வாங்கிய தங்க முலாம் டிரம்பெட்டோடு. இன்னொரு பக்கம் என் தங்கை. அந்த நாற்காலிக்காக எட்டு வருஷம் பின்வரிசையில் காத்திருந்தவள். அவளுக்குப் பேண்டு கொடுத்திருந்த டிரம்பெட்டின் வாய் கிழிந்து, நான்தான் ஈயம் வைத்து ஒட்டியிருந்தேன்.

பாரபட்சம் என்ற பேச்சு வரக்கூடாது என்று மாஸ்டரே திரை கட்டி, இருவரையும் அதன் பின்னால் நின்று ஊதச் சொன்னார். தங்கத்தைத் தன் காது தவறவிடாது என்ற தைரியம்.

முதலில் ஊதியதைக் கேட்டு, "தகரம்" என்றார். இரண்டாவதற்குக் கண் கலங்கிவிட்டார். "கேட்டீங்களா? தங்கம்யா! தங்கம் பேசுது!"

திரையை விலக்கினார்கள். இரண்டாவதாக ஊதியது என் தங்கை, ஒட்டுப் போட்ட டிரம்பெட்டில். மச்சினன் முகத்தில் அசடு வழிந்தது. எனக்கு விசிலடிக்க வேண்டும் போலிருந்தது.

மாஸ்டர் அவள் டிரம்பெட்டை வாங்கிச் சுண்டினார். ஒட்டைத் தடவினார். "அட, சூட்சுமம் இந்த ஈயத்துலதான் இருக்கு!" என்று மச்சினனிடம் நீட்டினார். "மாப்ளே, இனிமே நீ இதை ஊது. முதல் நாற்காலி உனக்குத்தான்." தங்க முலாமைத் தங்கையிடம் தள்ளினார். "நீ இதை வச்சுக்கம்மா. பின்வரிசைக்கு இது போதும்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒட்டினவன் நீதானே? நீயே சொல்லு, ஈயம்தானே காரணம்?"

தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா சார்," என்றேன். "ஈயம்தான்."

மறுநாள் காலை ஆறேழு பேர் நல்ல டிரம்பெட்டுகளோடு என் பட்டறை வாசலில் நின்றார்கள், ஒட்டுப் போடச் சொல்லி. கடைசியாகத் தங்கை வந்தாள். தங்க முலாமை மேசைமேல் வைத்தாள். எனக்கு அவமானத்தில் தலை நிமிரவில்லை.

"இதுக்கும் ஈயம் வைண்ணா," என்றாள். "நீதானே சொன்னே."